புரொபசரைப் பின்தொடர்ந்தவள்

அத்தியாயம் ஆறு

"இப்ப எதுக்கு மணி அடிச்சீங்க?"

"நீங்க 'லா' போட்டீங்க."

"தமிழ்லதானே போட்டேன்?"

"எந்த மொழியில போட்டாலும் மணிதான். இந்த அறையில அது பழக்கம். நான் வந்து சேர்ந்த முதல் நாளே சொல்லிட்டாங்க."

"சரிலா."

டிங்.

"ஐயோ, தெரியாம வந்துடுச்சுலா!"

டிங்.

"குமுதா, வாய மூடு," என்றார் சபாபதி. "இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் பூசை நடந்துக்கிட்டே இருக்கும்."

குமுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணி உள்ளங்கை அளவுதான். பித்தளை. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில், பொது அறையின் நீண்ட மேசைக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துறைத் தலைவர் வைத்துவிட்டுப் போனதாம். தெருவில் பேசுகிற மலேசிய ஆங்கிலம் இந்த அறைக்குள் யார் வாயிலிருந்து விழுந்தாலும், காதில் வாங்கியவர் மணியைத் தட்ட வேண்டும். வெள்ளைக்காரர் போய்விட்டார், மணி போகவில்லை. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். எல்லார் முகத்திலும், இப்போதுதான் மணிச்சத்தம் கேட்டதுபோல ஒரு சுளிப்பு.

குமுதா க்ளாங்கில் பிறந்தவள். சபாபதியிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் பள்ளி வேன் ஓட்டியவள். பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் சபாபதியின் துப்பறியும் அலுவலகம். "அவர் மூளை, நான் வாய்" என்று கார்டில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். சபாபதி முன்னாள் போலீஸ் சார்ஜன்ட். பேச்சு குறைவு. பேசினாலும் பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

வாய் வேடிக்கை பேசியதே தவிர, குமுதாவின் மனம் கீழே கார் நிறுத்துமிடத்தில்தான் இருந்தது. அங்கே சபாபதியின் பழைய காரின் பின்சீட்டில் உஷாராணி உட்கார்ந்திருக்கிறாள். சுங்கை பூலோவில் பூச்செடி நர்சரியில் வேலை செய்கிறவள். அவளுடைய ஒரே மகள் புனிதா, இந்தத் துறையின் கடைசி வருட மாணவி. போன வியாழக்கிழமை மாலை இங்கிருந்து கிளம்பினாள். வீடு வந்து சேரவில்லை.

துறைத் தலைவர் மேல் பித்துப் பிடித்து அவர் பின்னாலேயே சுற்றிய பெண், அவர் கண்ணில் சிக்கியதும் வெட்கப்பட்டு எங்கேயோ ஓடிவிட்டாள் என்று பல்கலைக்கழகம் முடிவு கட்டிவிட்டது. போலீசும் அதை நம்பி, தேடுவதைக் கிடப்பில் போட்டுவிட்டது. உஷாராணி மட்டும் நம்பவில்லை. "எம் புள்ள ஓடுறவ இல்ல. தேடுங்க" என்று காலையில் மாடியேறி வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

அந்த முடிவுக்கு அடித்தளம் போட்ட ஒரே சாட்சி, இப்போது மணியின் மேல் விரல் வைத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார். டாக்டர் ரிஸ்வானா, திருச்சிக்காரர். விரிவுரையாளராக வந்து சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது.

"அன்னிக்கு என்ன கேட்டீங்க மேடம்?" என்றார் சபாபதி.

"போலீஸ்கிட்ட சொல்லிட்டேனே சார்."

"போலீஸ்கிட்ட சொன்னது வேண்டாம். உங்க காதுல விழுந்தது வேணும்."

ரிஸ்வானா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்குக் கடைசிப் பக்க மாலை. செமஸ்டர் முடியும்போது எங்க துறையில அப்படி ஒண்ணு உண்டு. கடைசி வருஷப் பிள்ளைங்க ஆளுக்கொரு நாவலோட கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிப்பாங்க. நாவல் பேரைச் சொல்லக் கூடாது. மத்தவங்க கண்டுபிடிக்கணும். யாரும் கைதட்டக் கூடாது."

"முடிவ முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எவன் காசு குடுத்துப் புஸ்தகம் வாங்குவான்?" என்றாள் குமுதா. இந்த முறை 'லா' இல்லாததால் மணி சும்மா இருந்தது.

"புனிதா வாசிச்சதை யாராலயும் கண்டுபிடிக்க முடியல. ஏதோ குளிர் நாட்டு நாவல், மொழிபெயர்ப்பு. ஒரு குடும்பம் படகுக்கு வர்ணம் பூசுறாங்க. கையில ஒட்டின வர்ணத்தைத் துடைச்சுக்கிட்டுச் சாப்பிடப் போறாங்க. அதோட முடிஞ்சுது. அவ வாசிச்ச விதம்... எல்லாரும் அப்படியே உக்காந்திருந்தோம். புரொபசர் மட்டும் எழுந்து நின்னார். அவர் யாருக்காகவும் எழுந்திருக்க மாட்டாராம்."

"புரொபசர்னா?"

"துறைத் தலைவர். கமலநாதன் சார். இங்க மத்த எல்லாரும் டாக்டர். புரொபசர் அவர் ஒருத்தர்தான்."

"அப்ப ஒரு மாணவி 'புரொப்'னு சொன்னா..."

"அவரேதான்."

சபாபதி தலையசைத்தார். மேலே போகச் சொல்லும் தலையசைப்பு.

"டீ குடிச்சிட்டு எல்லாரும் கலைஞ்சாங்க. வெளிய கொட்டுது மழை. நான் குடையை எடுக்கப் போனேன். புனிதா இன்னொரு பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டிருந்தா. அந்தப் பொண்ணு முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. யாருன்னு இன்னும் தெரியல, யாரும் 'நான்தான்'னு முன்வரவும் இல்ல." ரிஸ்வானா கண்களை மூடிக்கொண்டார். மொழி படித்தவர், கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லத் தெரிந்தவர். "புனிதா சொன்னா, 'டுடே ஐ ஃபாலோ புரொப்.' அந்தப் பொண்ணு, 'அலோன் ஆ? டோன்ட் லா.'"

குமுதா எட்டி மணியைத் தட்டினாள். டிங்.

"அது மேற்கோள்!" என்றார் ரிஸ்வானா, கண்ணைத் திறக்காமலே.

"மன்னிச்சுக்குங்க. மேற்கோளுக்கு விதிவிலக்கு உண்டுன்னு தெரியாது."

"அதுக்குப் புனிதா, 'ரெய்னிங் வாட். போன் ஆல்சோ நோ'ன்னா. அவ்வளவுதான். ரெண்டு பேரும் இறங்கிப் போயிட்டாங்க." கண்ணைத் திறந்தார். "எனக்கு உடம்பே சில்லுனு ஆயிடுச்சு சார். 'இன்னிக்கு நான் புரொபசரைப் பின்தொடரப் போறேன்'னு இவ சொல்றா. 'தனியாவா, வேணாம்'னு அவ தடுக்கறா. 'மழை என்ன பண்ணும், போன்ல கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்'னு இவ பதில் சொல்றா. திட்டம் போட்டுப் பேசுறாங்கன்னு தோணுச்சு. மறுநாள் காலையில புரொபசர்கிட்டயே போய்ச் சொன்னேன். அவர் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். மாசக்கணக்கா அவ தன் பின்னால வர்றா, அன்னிக்கும் வாடகைக் கார் பிடிச்சுப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் துரத்தினா, ஒரு சிக்னல்ல தப்பிச்சேன்னு அப்பத்தான் சொன்னார்."

பிஸ்கட்டை எடுக்கப் போன குமுதாவின் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இதுவரை அவள் கேட்டதெல்லாம் 'பின்தொடர்ந்தாள்' என்ற தமிழும் போலீஸ் மலாயும்தான். அந்தப் பெண்ணின் சொந்த வாய்ச்சொல்லை இப்போதுதான் கேட்கிறாள். வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் சபாபதியின் ஷூ அவள் காலை அழுத்தியது.

"எந்த இடத்துல நின்னு பேசினாங்க மேடம்?"

"படிக்கட்டு வளைவுல."

"இந்த அறைக்குள்ள இல்ல?"

"இல்ல, கதவுக்கு வெளிய."

"மணி எட்டாத இடம்," என்று சொல்லிக்கொண்டே சபாபதி எழுந்தார். "வாங்க, அங்க போய் நிப்போம்."

படிக்கட்டு வளைவில் ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்து நின்றது. நாலு மணி மழை இன்று கொஞ்சம் தாமதம். வகுப்பு முடிந்து இரண்டு மாணவர்கள் துறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவுக்கு உள்ளே இருக்கும்வரை, இறக்குமதியான பீங்கான் கோப்பையைக் கையாளுவதுபோல ஆங்கிலம் பேசினார்கள். கதவு மூடியதுதான் தாமதம், "சூப்பர் பசிலா, வெர் டு மக்கான்?" என்று கத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்கள்.

"பாத்தீங்களா மேடம்," என்றார் சபாபதி. "உள்ள ஒரு இங்கிலீஷ். வெளிய ஒரு இங்கிலீஷ். புனிதா நின்னது வெளிய. குமுதா, இப்பப் பேசு."

குமுதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேலிக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள், கிடைக்கவில்லை.

"மேடம், நான் இன்னிக்கு இங்க எங்க பாஸ் காடியில, அதாவது அவர் கார்லதான் வந்தேன். எப்படி வந்தேன்னு எங்க ஊர்ல யாராச்சும் கேட்டா, 'ஐ ஃபாலோ பாஸ்'னுதான் சொல்வேன். சின்னதுல எங்கப்பா மோட்டர எடுத்துக்கிட்டு பாசாருக்கு மீன், காய் வாங்கக் கிளம்பினா, 'நானும் ஃபாலோ பண்றேம்பா'ன்னு அழுவோம். அப்பா பின்னாடி ஓட மாட்டோம். மோட்டர்ல ஏறி உக்காந்துக்குவோம்."

ரிஸ்வானா அவளையே பார்த்தார்.

"கூடப் போறது மேடம். அதே காடியில. பக்கத்து சீட்ல."

"ஃபாலோன்னா... கூடவா?"

"இந்த நாட்டுல மலாய்க்காரங்க, சீனங்க, நம்மாளுங்கன்னு மூணு இனமும் அப்படித்தான் பேசும். வெளியூர்லேருந்து வந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியாது." குமுதா விரல் மடக்கினாள். "'இன்னிக்கு நான் புரொப் காடியில போறேன்.' 'தனியாவா? வேணாம்லா.' 'மழை பெய்யுதுல்ல. போனும் இல்ல.' அந்த 'வாட்'டுக்கு என்னன்னு அர்த்தம் இல்ல மேடம். 'பெய்யுதே, கண்ணு தெரியலையா'ன்னு அர்த்தம்."

மழை விழத் தொடங்கியது. முதலில் தகரக் கூரைமேல் தனித்தனியாக, பிறகு ஒரேயடியாக.

"போன் நிஜமாவே இல்ல," என்றார் சபாபதி. "கண்ணாடி உடைஞ்சு, முந்தின நாளே பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில ரிப்பேருக்குக் குடுத்திருக்கா. அத வாங்கத்தான் அன்னிக்கு அந்தப் பக்கம் போகணும்னு இருந்திருக்கா. கடைக்கு அவ போய்ச் சேரல. அம்மாதான் பிறகு போய் வாங்கினாங்க. போன் இல்லாத பொண்ணு, ஆப்ல கூப்பிட்டாத்தான் வர்ற வாடகைக் காரை எப்படி வரவழைச்சா?"

"விசில் அடிச்சிருப்பா," என்றாள் குமுதா. சிரிக்கவில்லை.

ரிஸ்வானா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு 'தனியா வேண்டாம்'னு தடுத்தா?"

"அத நீங்கதான் சொல்லணும். இந்தத் துறையோட பழக்கமெல்லாம் நாலைஞ்சு மாசமா பாத்துக்கிட்டு வர்றீங்க."

ரிஸ்வானா மூடியிருந்த துறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "பொண்ணுங்க யாரும் அவர் அறைக்குத் தனியா போக மாட்டாங்க. ரெண்டு பேரா, மூணு பேராத்தான் போவாங்க. ஒருத்திக்குத்தான் வேலை இருக்கும். மத்தவங்க சும்மா வாசல்ல நிப்பாங்க. சீனியர் பொண்ணுங்க புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லியே குடுப்பாங்க போல. நான் அதையும் இங்கத்த ஒரு பழக்கம்னு நினைச்சேன்."

"பழக்கம்தான்," என்றார் சபாபதி.

குமுதாவுக்குப் பள்ளி வேன் ஞாபகம் வந்தது. கடைசியாக இறங்குகிற பிள்ளையை வேனில் தனியாக விடக் கூடாது என்று அவள் எப்போதும் சுற்றுவழியில் போய் இரண்டு பேராக இறக்கிவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"இன்னொரு கேள்வி," என்றார் சபாபதி. "போலீஸ் அதிகாரிகிட்ட நீங்க என்ன மொழியில சொன்னீங்க?"

"இங்கிலீஷ்லதான். எனக்கு மலாய் தெரியாது. புரொபசர்தான் பக்கத்துல இருந்து மலாய்ல சொன்னார்." திடீரென்று அவர் முகம் மாறியது. "இருங்க சார். அந்த அதிகாரி முதல்ல வேற ஒரு சொல் சொன்னார். சின்னச் சொல். இக்... இக்குட்டோ என்னமோ. புரொபசர் சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு தலையாட்டி அதைத் திருத்தினார். மெங்ஙெக்கோரின்னார். கேக்க நல்லா இருக்கேன்னு அர்த்தம் கேட்டேன். 'எக்கோர்'னா வால், ஒருத்தர் பின்னால வால் மாதிரியே போறதுன்னு விளக்கினார்."

குமுதா மெல்ல மூச்சை விட்டாள். "இக்குட்னா கூடப் போறது பாஸ். அதிகாரி சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கான்."

"ஆமா."

"சரியா இருந்தத இவர் தப்பா திருத்தியிருக்காரு. புரொப் எந்த ஊரு மேடம்?"

"க்ளாங். 'நான் க்ளாங் பையன்'னு மேடையில எல்லாம் பெருமையா சொல்வார்."

"எங்க ஊர்ல மீன் விக்கிற ஆச்சிக்குக்கூட ஃபாலோன்னா என்னன்னு தெரியும். இவருக்குத் தெரியாதாமா?"

ரிஸ்வானா படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டேன். நான் சொன்னதை வச்சுத்தானே தேடாம விட்டாங்க."

"நீங்க செஞ்சது தெரியாம செஞ்ச தப்பு மேடம்," என்றார் சபாபதி. "அவர் செஞ்சது தெரிஞ்சே செஞ்ச மொழிபெயர்ப்பு."

அவர் குமுதாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "இது போதாது. வெளிநாட்டுல ரொம்ப வருஷம் இருந்தவரு, அந்த அர்த்தமே மறந்துபோச்சும்பாரு. வக்கீலும் அதையேதான் சொல்வான்."

"மறந்துபோச்சான்னு கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா யோசிச்சுப் பதில் சொல்வாரு. யோசிக்க விடக் கூடாது." அவள் காதருகே குனிந்து இரண்டு வாக்கியம் சொன்னார்.

குமுதா புருவத்தை உயர்த்தினாள். "பாஸ், உங்களுக்கு இப்படியெல்லாம் தோணும்னா, வீட்ல அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்க?"

கமலநாதனின் அறை வெளிச்சமாக, சுத்தமாக இருந்தது. தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள். ஓய்வுபெறும் ஒவ்வோர் ஆசிரியரும், ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய ஒரு புத்தகத்தைத் துறைக்கு விட்டுப்போவது இங்கே வழக்கம் என்று ஒரு தட்டைக் காட்டி அவரே விளக்கினார். அறுபதை நெருங்குகிற வயது. நல்ல குரல். அந்தக் குரலில் ஒருவர் கடைசிப் பக்கம் வாசித்தால் குமுதாவேகூடக் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

"பாவம் அந்தப் பெண்," என்றார் அவர். தமிழும் அச்சடித்ததுபோலத்தான் வந்தது. "நல்ல வாசகி. அவளுடைய பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை மாதம் பொறுத்துக்கொண்டேன். நான் முன்பே புகார் கொடுத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது."

"அன்னிக்கு அவ உங்க கார்ல ஏறலையா சார்?"

"அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே இல்லை. மாணவிகளை நான் காரில் ஏற்றுவதில்லை, மிஸ்டர் சபாபதி. அது என் கொள்கை."

"டாக்டர் ரிஸ்வானா கேட்ட அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் ஏதாவது..."

"இது சொற்களை எடைபோட்டுப் பார்க்கும் துறை. பின்தொடர்வது என்றால் பின்தொடர்வதுதான்." புன்னகைத்தார். அந்தப் போலீஸ் அதிகாரியிடமும் இப்படித்தான் புன்னகைத்திருப்பார் என்று குமுதா நினைத்துக்கொண்டாள். "நான் கிளம்ப வேண்டும். இந்த மழையில் சாலை முழுக்க ஜாம் ஆகிவிடும்."

சபாபதி எழுந்து கைகுலுக்கினார். வாசல் காவலர்களிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி முதலில் வெளியேறினார்.

கார் நிறுத்துமிடத்தில் பாதிக்குக் கூரை இல்லை. ஆசிரியர்களின் கார்கள் ஒரு வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. கமலநாதனின் வெள்ளைக் காருக்கு இரண்டு கார் தள்ளி சபாபதியின் காரும், அதன் பின்கண்ணாடியில் உஷாராணியின் முகமும். கமலநாதன் குடையை மடக்கி உள்ளே போட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கிவிட்டார்.

குமுதா கைப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"புரொப்! பிரிக்ஃபீல்ட்ஸ் சைடா போறீங்க? எங்க பாஸ் கார்டுங்ககூட இன்னும் பேசணுமாம், லேட் ஆகும்லா. ஐ ஃபாலோ யூ, கேன் ஆ?"

"கேன், கேன்," என்றார் கமலநாதன். மணி எட்டாத இடத்தில் அவர் நாக்கும் சட்டென்று க்ளாங்குக்குப் போய்விட்டது. "சீக்கிரம் வாங்கலா, நனையிறீங்க."

சொல்லிக்கொண்டே பக்கத்து சீட்டில் கிடந்த புத்தகங்களை அள்ளிப் பின்னால் போட்டார். இடதுபக்கம் சாய்ந்து, உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

குமுதா காரைச் சுற்றி வந்து, திறந்த கதவருகே நின்றாள். ஏறவில்லை. கைப்பையைத் தலையிலிருந்து இறக்கினாள். மழை அவள் முகத்தில் வழிந்தது.

"என்னம்மா, ஏறுங்க."

"நான் ஏறுறேன்னு சொல்லலையே புரொப்."

"என்ன?"

"ஃபாலோன்னுதான் சொன்னேன். எனக்குன்னு ஒரு காடி இருக்கலாம்ல? வால் மாதிரி உங்க பின்னாடியே வர்றேன்னு அர்த்தமா இருக்கலாம்ல? மெங்ஙெக்கோரி." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க எதுக்கு சீட்ட ஒதுக்கினீங்க?"

கமலநாதனின் கை, கதவைத் தள்ளிய நிலையிலேயே நின்றது. வைப்பர் மட்டும் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குமுதா சீட்டைப் பார்த்தாள். ஓட்டுநர் சீட்டுக்கு வெளிர்பழுப்பு உறை. பின்சீட்டுக்கும் அதே உறை. அவளுக்கு முன்னால் திறந்து கிடந்த அந்த இடத்துக்கு மட்டும் உறை இல்லை. வெறும் கறுப்புத் துணி. பலமுறை தேய்த்துக் கழுவியதில் வெளுத்து, அதிலிருந்து சலவைத்தூள் வாசனை வந்தது. சபாபதி கேட்கச் சொன்ன கேள்விக்கு மேலாக ஒரு பதில் அங்கே இருந்தது.

கமலநாதன் கதவை இழுத்து மூடப் பார்த்தார். குமுதா உடம்பைக் குறுக்கே கொடுத்து நின்றாள். விளிம்பு அவள் இடுப்பில் இடித்தது. வலித்தது, நகரவில்லை. காருக்கு முன்னால் சபாபதி வந்து நின்றுகொண்டார். ஒரு கையை பானெட்டின்மேல் வைத்து, மறுகையால் போனைக் காதில் பிடித்தபடி, தான் வேலை பார்த்த பழைய போலீஸ் நிலையத்தில் யாரிடமோ கார் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் புரிந்துகொள்ளவில்லை," என்றார் கமலநாதன். மறுபடியும் அந்த அச்சுத் தமிழ். ஆனால் எழுத்துகள் கலைந்திருந்தன. "அவளாகத்தான்... நான் வேண்டாம் என்றுதான்..."

"யாரு?" என்றாள் குமுதா. "காடியில ஏறவே இல்லைன்னீங்களே, அவளா?"

அவர் பார்வையை ஸ்டீயரிங்குக்குத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு கார் தள்ளி ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குமுதா திரும்பினாள். உஷாராணி இறங்கி வந்துகொண்டிருந்தாள். குடை இல்லை, ஓட்டமும் இல்லை. எவ்வளவு கேட்டாளோ தெரியாது. மழையில் அவள் செருப்பு வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

"அக்கா, நீங்க உள்ளயே இருங்க..." என்று ஆரம்பித்தாள் குமுதா. உஷாராணி அவளைப் பார்க்கவே இல்லை. திறந்திருந்த கதவுக்குள் குனிந்தாள். உறையில்லாத சீட்டில் உள்ளங்கையை வைத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோனார்கள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அப்புறம் நிமிர்ந்து கமலநாதனின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றாள். நர்சரிக்கு வருகிற பெரிய மனிதர்களிடம் பேசுகிற அதே மரியாதையான குரல். "நான் கத்த மாட்டேன் சார். அடிக்க மாட்டேன். மத்ததெல்லாம் இவங்க பேசிக்குவாங்க. எம் புள்ளய எங்க எறக்கி விட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எந்த ரோடுன்னு சொன்னாப் போதும் சார், நானே போய்க் கூட்டிக்கிறேன்."